இரண்டு பெயருக்கும் பொதுவான ஓர் ஒலி: சுகுமார் ரேயின் கலப்பு விலங்குகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1923 செப்டம்பர் 19 அன்று கல்கத்தாவின் கார்பார் சாலை 100ஆம் எண் வீட்டில் இயங்கிய யு. ரே அண்ட் சன்ஸ் அச்சகம் குழந்தைகளுக்கான ஒரு பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டது. 'ஆபோல் தாபோல்' என்பது அதன் பெயர். வங்காளிகள் வாய்க்கு வந்ததைப் பேசுவதை அப்படித்தான் சொல்வார்கள். பாட்டு, படம், அட்டை, பக்க அமைப்பு எல்லாமே சுகுமார் ரே என்ற ஒருவர் செய்தவை. அச்சான பிரதியை அவர் பார்க்கவில்லை. ஒன்பது நாள் முன்பு, செப்டம்பர் 10 அன்று, காலா ஆஜார் நோயில் இறந்துபோயிருந்தார். அப்போது அவருக்கு வயது 35. பின்னாளில் திரைப்பட இயக்குநரான மகன் சத்யஜித்துக்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை.

இந்த ஆய்வு அந்த நூலில் வரும் கலப்பு விலங்குகளைப் பற்றியது. வாத்தோடு ஒட்டிய முள்ளம்பன்றி, யானையோடு ஒட்டிய திமிங்கலம் போன்றவை. விலங்குகளைக் கலந்து வரைவது கடினமான காரியமில்லை. ஒரு சிறுமியிடம் பென்சிலைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் மீன் வால் வைத்த பூனையை வரைந்துவிடுவாள். அப்படிப்பட்ட குழந்தை நூல்கள் எல்லா மொழியிலும் வருகின்றன, ஒருமுறை புரட்டிச் சிரித்ததும் அலமாரிக்குப் போய்விடுகின்றன. சுகுமாரின் விலங்குகளுக்கு மட்டும் அந்தக் கதி நேரவில்லை. நூறு ஆண்டு கழித்தும் வங்காளக் குழந்தைகள் அந்த வரிகளை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இரண்டு பொருந்தாத கட்சிகள் கூட்டணி வைத்தால் பெரியவர்கள் அதற்கு இந்த விலங்குகளில் ஒன்றின் பெயரை வைக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த காரணம் இது. சுகுமார் எந்த இரண்டு விலங்கையும் மனம்போனபடி ஒட்டவில்லை. எங்கே ஒட்டுவது என்பதை மொழியே அவருக்குச் சொன்னது. ஒட்டிய பிறகு அந்த உயிர் எப்படிப் பிழைக்கும், எதைத் தின்னும், எதற்குப் பயப்படும் என்பதை அவர் கடைசிவரை யோசித்தார்.

அச்சகம் இருந்த வீடு

சுகுமாரின் அப்பா உபேந்திரகிஷோர் ரே எழுத்தாளர், ஓவியர், வயலின் வாசிப்பவர். எல்லாவற்றுக்கும் மேலாக அச்சுத் தொழிலை விஞ்ஞானமாகப் படித்தவர். புகைப்படங்களையும் ஓவியங்களையும் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் ஹாஃப்டோன் முறையில் இந்தியாவின் முன்னோடி. கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு அவர் செய்த சோதனைகள் லண்டனிலிருந்து வந்த, அச்சுத் தொழில் பற்றிய பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரைகளாக வெளியாயின. மண்ணுக்குள் புதைந்துபோன ஆதிகால விலங்குகளைப் பற்றிக் குழந்தைகளுக்கென்று வங்காளத்தில் தனி நூலே எழுதியவர் அவர். 1913இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் மாத இதழைத் தொடங்கினார்.

மகன் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல், வேதியியல் இரண்டிலும் சிறப்புப் பட்டம் பெற்றார். பிறகு உதவித்தொகையோடு 1911இல் இங்கிலாந்து போய் லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுத் தொழில்நுட்பம் படித்தார். ஓவியம் மட்டும் அவர் எங்கும் முறையாகப் படிக்கவில்லை. கல்லூரி நாட்களிலேயே நண்பர்களைச் சேர்த்து 'நான்சென்ஸ் கிளப்' நடத்தினார். அதற்குக் கையெழுத்துப் பத்திரிகை ஒன்றும் உண்டு. அதன் பெயர் 'முப்பத்திரண்டரை வறுவல்'.

1915இல் உபேந்திரகிஷோர் இறந்தார். 'சந்தேஷ்' சுகுமாரின் கைக்கு வந்தது. உண்மையான விலங்குகளைப் பற்றி, இயந்திரங்களைப் பற்றி, விஞ்ஞானிகளைப் பற்றி அவர் மாதாமாதம் எழுதிய கட்டுரைகள் ஏராளம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஓணானின் உடம்பு எப்படி இருக்கும், கொக்கு எதைத் தின்னும் என்று அதே இதழில் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான் அதே வாசகர்களுக்கு அவற்றைக் கலந்தும் காட்டினார். குழந்தைக்கு முதலில் ஓணானைத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் கிளி மூக்கு வைத்த ஓணான் வேடிக்கையாகும்.

எட்டு விலங்குகளின் பாட்டு

கலப்பு விலங்குகள் முதலில் வந்தது 1915இல், 'சந்தேஷ்' இதழில், 'கிச்சுரி' என்ற பாட்டில். அரிசியும் பருப்பும் ஒன்றாகக் குழைய வேகும் வங்காளத்து மழைநாள் உணவின் பெயர் அது. பாட்டு மிகச் சிறியது. ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு வரி, எட்டு விலங்குகள், அவ்வளவுதான்.

முதல் இரண்டு வரியில் ஒரு வாத்து இருந்தது, ஒரு முள்ளம்பன்றி இருந்தது, எப்படியோ இரண்டும் ஒன்றாகிவிட்டன. நடுவில் அடைப்புக்குறிக்குள் கவிஞர் ஒரு குறிப்பு வைக்கிறார்: இலக்கணத்தை நான் மதிப்பதில்லை. இந்த வாக்கியத்தை மேற்கோள் காட்டாத வங்காள விமர்சகர் இருக்க மாட்டார். மரபை உடைத்த குரல் என்று அதைக் கொண்டாடுவார்கள். பாட்டை மெதுவாகப் படித்தால் அவர் இலக்கணத்தை எவ்வளவு கவனமாகப் பின்பற்றுகிறார் என்பது தெரியும்.

வங்காளத்தில் வாத்து ஹான்ஸ், முள்ளம்பன்றி ஸொஜாரு. முதல் சொல் முடியும் ஒலியில் இரண்டாம் சொல் தொடங்குகிறது. அந்த ஸ் இரண்டுக்கும் பொதுவாகி, ஹான்ஸ்ஜாரு பிறக்கிறது. கொக்கு போக், ஆமை கொச்சொப். க் பொதுவாகிப் போகொச்சொப். யானை ஹாதி, திமிங்கலம் திமி. தி பொதுவாகி ஹாதிமி. படங்களோடு வழங்கும் மற்றப் பெயர்களையும் பாருங்கள். ஓணான் கிர்கிடி, கிளி டியா, சேர்ந்தால் கிர்கிடியா. தேள் பிச்சா, ஆடு சாகல், சேர்ந்தால் பிச்சாகல். ஒட்டகச்சிவிங்கி ஜிராஃப், வெட்டுக்கிளி ஃபொடிங், சேர்ந்தால் ஜிராஃபொடிங். சேவல் மொரோக், பசு கொரு, சேர்ந்தால் மொரோகொரு. சிங்கம் ஷிங்ஹொ, மான் ஹொரின், சேர்ந்தால் ஷிங்ஹொரின். எட்டிலும் விலக்கே இல்லை. ஒன்றின் ஈறும் மற்றதன் முதலும் ஒரே ஒலியாக இருக்கும் சோடிகளை மட்டுமே அவர் தேர்ந்திருக்கிறார்.

பள்ளியில் நிலைமொழி, வருமொழி என்று புணர்ச்சி படித்த நமக்கு இது அந்நியமில்லை. பாட்டிலேயே, ஆடு தேளின் கழுத்தில் ஏறி உட்காரும் இடத்தில், தலைக்கும் உடலுக்கும் 'சந்தி' ஏற்பட்டதாகச் சுகுமார் எழுதுகிறார். சொல்லிலக்கணத்தின் சந்தி அங்கே உடம்பின் மூட்டாகிவிடுகிறது.

இதே கொள்கையைக் கல்லில் செய்தவர்கள் நம் பக்கத்தில் இருந்தார்கள். இரண்டாம் ராஜராஜன் காலத்து, 12ஆம் நூற்றாண்டுத் தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலில் ரிஷபகுஞ்சரம் என்ற சிற்பம் உண்டு. காளையும் யானையும் எதிரெதிரே நிற்க, இரண்டுக்கும் தலை ஒன்றே. ஒரு பக்கத்து உடலை மூடினால் யானை, மறுபக்கத்து உடலை மூடினால் காளை. அந்தச் சிற்பி இரண்டு விலங்கின் கோடுகளில் பொதுவாக எது இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். சுகுமார் ஒலியில் தேடியதைக் கல்தச்சர் வளைவில் தேடினார். யாளி வேறு வகை. அதன் உறுப்புகள் வலிமையைக் காட்டச் சேர்க்கப்பட்டவை. ஒடியா மகாபாரதத்தில் வரும், ஒன்பது உயிர்களின் உறுப்புகள் கொண்ட நவகுஞ்சரமும் தெய்வ உருவம்தான். கிச்சுரிப் பாட்டின் விலங்குகளுக்கு எந்த மகிமையும் கிடையாது. வீட்டுக் கொல்லையிலும் குளத்தங்கரையிலும் வங்காளக் குழந்தை அன்றாடம் பார்க்கும் வாத்து, கொக்கு, ஆமை, ஓணான், ஆடு, பசு, சேவல்தான் பெரும்பாலும். ஒட்டகச்சிவிங்கியும் திமிங்கலமும் சிங்கமும்தான் வெளியூர்க்காரர்கள்.

ஒட்டிய பிறகு என்ன ஆகும்?

பெயர் விளையாட்டோடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல விடுகதைத் தொகுப்பாக முடிந்திருக்கும். சுகுமார் அங்கே நிற்கவில்லை. ஒவ்வோர் உயிருக்கும் ஒரு கவலையோ ஆசையோ தருகிறார்.

கொக்குக்கு ஒரே குஷி. நம் உருவம் எவ்வளவு அழகாக அமைந்துவிட்டது பார் என்று அது ஆமையிடம் சொல்கிறது. ஆமை என்ன பதில் சொன்னது என்று பாட்டில் இல்லை. கிளிமுகம் வந்த ஓணானுக்கோ பெரிய பயம்: இத்தனை நாள் பூச்சி தின்று வாழ்ந்த நான் இனிப் பச்சைமிளகாய் தின்ன வேண்டுமா? முகம் மாறினால் உணவும் மாற வேண்டுமே என்று அந்த ஓணானுக்குத் தோன்றியது சாதாரண விஷயமில்லை. உறுப்புக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு உயிரியலின் அடிப்படைப் பாடம். அறிவியல் படித்தவரின் நகைச்சுவை அது.

ஒட்டகச்சிவிங்கிக்கு வயல்வெளியில் சுற்றித் திரிவதில் சலிப்பு. வெட்டுக்கிளி மாதிரி பறக்க வேண்டும் அதற்கு. பசு மிரண்டுபோய்க் கேட்கிறது: எனக்கும் அந்த நோய் தொற்றிவிட்டதா, இந்தப் பாழாய்ப்போன சேவல் ஏன் என் பின்னால் வருகிறது? ஒன்றோடொன்று ஒட்டுவது தொற்றுநோய் மாதிரி பரவுகிறது என்ற எண்ணம் இந்த ஓரிடத்தில்தான் வருகிறது, வந்ததும் மொத்தப் பாட்டுக்கும் ஒரு கதை கிடைத்துவிடுகிறது. சிங்கத்தின் குறை இன்னும் விசேஷம். வங்காளத்தில் ஷிங் என்றால் கொம்பு. பெயரில் கொம்பை வைத்திருந்தும் தலையில் கொம்பில்லாத விலங்கு சிங்கம். மானோடு சேர்ந்ததும் அந்தக் குறை தீர்ந்தது.

எனக்கு ஹாதிமிதான் உச்சம். திமிங்கலம் தண்ணீருக்குப் போகலாம் என்று நினைக்கிறது. யானை சொல்கிறது, 'நேரமாகுது, வா தம்பி, காட்டுக்குப் போவோம்.' ஒரே உடம்புக்குள் இரண்டு திசை. யானை அதட்டவில்லை, அன்பாகத்தான் கூப்பிடுகிறது. இந்த இரண்டு பேரும் எந்நாளும் எங்கும் போகப்போவதில்லை என்பது படிக்கும் குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. அதைச் சொல்லிப் பாட்டு வருத்தப்படுவதில்லை, அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

படங்களும் அதே நிதானத்தில் இருக்கின்றன. முட்டைக்கண், பல்லிளிப்பு, தொப்பி, கோட்டு எதுவும் கிடையாது. விலங்கியல் பாடநூலில் ஒரு புதிய இனத்தை அறிமுகப்படுத்துவதுபோல அவை நிற்கின்றன. வாத்தின் கழுத்து எங்கே முடிந்து முள் எங்கே தொடங்குகிறது என்று தேடினால் ஒட்டு தெரியாது. முறையாக ஓவியம் படித்த ஒருவர் இவற்றை இன்னும் நேர்த்தியாக வரைந்திருக்கலாம். இவ்வளவு நம்பும்படியாக வரைந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். தான் எழுதிய கவலைக்குத் தானே முகம் வரைபவருக்கு மட்டும் கிடைக்கும் உரிமை அது. பாட்டு ஒருவர், படம் ஒருவர், அச்சு எங்கோ என்று பிரிந்த நூல்களில் இது எளிதில் கைகூடாது. கார்பார் சாலை வீட்டில் மூன்றும் ஒரே கூரைக்கடியில் இருந்தன.

எல்லாம் கிடைத்த ஒருவன்

நூலில் இன்னொரு பாட்டு, 'கிம்பூத்'. என் கணக்கில் இந்நூலின் மிக ஆழமான பாட்டு இதுதான். கிம்பூத் ஒரு விநோத விலங்கு. நாள் முழுக்கக் குறைப்பட்டுக்கொண்டே இருக்கும். குயிலின் குரல் வேண்டும் அதற்கு. பறவைகளைப் பார்த்தால் சிறகு வேண்டும். யானையைப் பார்த்தால் தந்தமும் தும்பிக்கையும். கங்காருவின் கால், சிங்கத்தின் பிடரி, உடும்பின் வால். அழுது அழுது ஒருநாள் எல்லாம் கிடைத்துவிடுகிறது.

கிடைத்த பிறகுதான் யோசனை வருகிறது. யானை எங்காவது தாவிக் குதிக்குமா? வாழைமரம் தின்றால் கங்காரு பிழைக்குமா? மொண்ணை முகத்தோடு 'குக்கூ' என்றால் கேட்பவர்கள் என்ன சொல்வார்கள்? யாராவது வந்து 'நீ யார்?' என்று கேட்டால்? குதிரை இல்லை, யானை இல்லை, பாம்பில்லை, தேளில்லை, தேனீயில்லை, பட்டாம்பூச்சியில்லை. மீன், தவளை, மரம், இலை, தண்ணீர், மண், அலை என்று பட்டியல் நீண்டுகொண்டே போய்ச் செருப்பு, குடை வரைக்கும் வந்துவிடுகிறது. எதுவும் இல்லை என்றால் நான் யாருமே இல்லையா என்று பாட்டு முடிகிறது.

கிச்சுரியின் விலங்குகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்பதைக் கவனியுங்கள். ஹாதிமிக்குள் யானை யானையாகவே இருக்கிறது, திமிங்கலம் திமிங்கலமாகவே இருக்கிறது. இருவருக்கும் பேச ஆள் இருக்கிறது. கிம்பூத் உறுப்புகளை மட்டும் வாங்கிக்கொண்டது, அந்த உறுப்புகளுக்குச் சொந்தக்காரர்கள் கூட வரவில்லை. ஒரே நூலுக்குள் கலப்பின் இந்த இரண்டு வகையையும் வைத்து, ஒன்றைக் கலகலப்பாகவும் மற்றதை நடுங்கும்படியாகவும் எழுத முடிந்திருக்கிறது. அதையும் ஏழு வயதுக் குழந்தைக்குப் புரியும் சொற்களில்.

அரசியல் வாசிப்பு

காலனி ஆட்சிக் காலத்துப் புத்தகம் என்பதால் இந்த விலங்குகளுக்குள் அரசியலைத் தேடுபவர்கள் உண்டு. 'டியாஷ் கொரு' பாட்டில் அதற்கு நிச்சயமாக இடம் இருக்கிறது. அந்தப் பசு உண்மையில் பசுவே இல்லை, ஒரு பறவை. அதைப் பார்க்க ஓர் ஆபீசுக்குப் போக வேண்டும். கண்கள் எப்போதும் சொருகியிருக்கும், தலைமுடியில் ஒழுங்கான வகிடு. புல், வைக்கோல் எதுவும் பிடிக்காது, சோப்பு சூப்பும் மெழுகுவத்தியும்தான் உணவு. வெள்ளைக்காரர் பழக்கத்தைப் போர்த்திக்கொண்ட ஆபீஸ் மனிதரின் சாயல் அதில் இருப்பதாக விமர்சகர்கள் சொல்வதை நானும் ஏற்கிறேன். ஆனால் அதே சாவியைக் கிச்சுரிக்கும் போட்டுத் திருகி, வாத்து இன்னார், முள்ளம்பன்றி இன்னார் என்று எழுதப்படும் கட்டுரைகள் அந்தப் பாட்டைச் சிறிதாக்குகின்றன. பச்சைமிளகாய்க்குப் பயப்படும் ஓணான் யாருக்கும் உருவகமில்லை. அது ஓணான்.

சுகுமாரே நூலின் முன்னுரையில் நேராகச் சொல்லியிருக்கிறார். விசித்திரமானது, விபரீதமானது, நடக்கவே முடியாதது, இவைதான் இந்தப் புத்தகத்தின் சரக்கு. இது 'கெயால் ரச'த்தின் நூல். மனத்தின் போக்கில் போகும் சுவை என்று அதைச் சொல்லலாம். அந்தச் சுவையை அனுபவிக்க முடியாதவர்களுக்கு இந்தப் புத்தகம் இல்லை என்று முடிக்கிறார். நாட்டிய சாஸ்திரத்தில் பரதர் சொன்ன ரசப் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது.

நோயும் நூலும்

1921இல் சத்யஜித் பிறந்த சில மாதங்களிலேயே சுகுமாரைக் காலா ஆஜார் பிடித்தது. மணல் ஈ கடித்துப் பரவும் நோய். மண்ணீரல் வீங்கும், விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், உடம்பு கரைந்துகொண்டே போகும். அதே கல்கத்தாவில் 1920இல்தான் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைத் தயாரித்திருந்தார். பின்னாளில் பெருந்திரளான காலா ஆஜார் நோயாளிகளைக் காப்பாற்றிய மருந்து அது. சுகுமார் பிழைக்கவில்லை.

படுக்கையில் கிடந்த அந்த ஆண்டுகளிலும் அவர் எழுதினார், வரைந்தார், 'சந்தேஷ்' இதழுக்கு அட்டை வரைந்தார். ஹேஷோராம் ஹுஷியார் என்ற வேட்டைக்காரப் பேராசிரியரின் நாட்குறிப்பு இந்தக் கடைசிக் காலத்தைச் சேர்ந்தது. அதில் கலப்பு வேறு தளத்துக்குப் போகிறது. விலங்கோடு விலங்கு சேர்வதில்லை, வங்காளப் பேச்சுச்சொல்லோடு விலங்கியல் பெயர்களின் விகுதி சேர்கிறது. எந்நேரமும் தின்றுகொண்டிருக்கும் விலங்கு ஹாங்லாதேரியம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது கோம்டாதேரியம், கத்துவது சில்லானோசரஸ். அப்பா ஆதிகால விலங்குகளுக்கு எழுதிய நூலைப் படித்து வளர்ந்த மகனின் கைவேலை என்று தயங்காமல் சொல்லலாம்.

'ஆபோல் தாபோல்' நூலின் பக்கங்களை அவர் படுக்கையிலிருந்தபடியே அடுக்கினார். அந்தக் கடைசி நாட்களில் ரவீந்திரநாத் தாகூர் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பாடிக் காட்டினார். நூலின் இறுதிப் பாட்டில் தூக்கம் கவிந்து வருகிறது, என் பாட்டு முடிந்தது என்று ஒரு வரி. அதற்குச் சற்று முன்னால் பூங்கொத்துபோலக் கட்டி வைத்த குதிரை முட்டைகள் வருகின்றன. சாவைப் பற்றி எழுதும்போதும் அவர் கெயால் ரசத்தைக் கைவிடவில்லை.

அவர் போன சில ஆண்டுகளில் அச்சகம் நொடித்துப்போனது, இதழ் நின்றது, குடும்பம் கார்பார் சாலை வீட்டை விட்டு வெளியேறியது. புத்தகம் மட்டும் நிற்கவில்லை. பதிப்பு மாறி, அச்சகம் மாறி, வந்துகொண்டே இருந்தது. சத்யஜித் சில பாட்டுகளைத் தானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1987இல் அப்பாவைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார்.

அதற்கும் முன்பு, 1961இல், அவர் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து 'சந்தேஷ்' இதழை மீண்டும் தொடங்கியிருந்தார். பக்கங்களை நிரப்பக் கதைகள் வேண்டும், ஆகவே எழுத ஆரம்பித்தார். பேராசிரியர் ஷொங்கு என்ற கற்பனை விஞ்ஞானியைப் பற்றி அவர் அங்கே எழுதிய முதல் கதை ஒரு நாட்குறிப்பின் வடிவில் இருக்கிறது. விநோதமான கருவிகள், கேள்விப்படாத உயிர்கள், எல்லாவற்றையும் சலனமில்லாத குரலில் பதிவு செய்யும் ஒரு விஞ்ஞானி. ஹேஷோராமின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு அந்தக் குரல் யாருடையது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.